7ஏ பிளாக், 4ஏ ஹெட்: கலப்பு எஞ்சின் கட்டுவது எப்படி?

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் பழைய டொயோட்டா ஒன்று பானெட்டைத் திறந்தபடி நிற்கும். கான்குவெஸ்ட், டாஸ், ட்வின்கேம் கொரோல்லா. இவற்றில் பெரும்பாலானவை இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பிராஸ்பெக்டன் ஆலையில் செய்யப்பட்டவை. என் மாமா அங்கே வேலை பார்த்தவர். ஸ்பேனர் பிடிக்கவும் வெர்னியர் படிக்கவும் தமிழில்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதையும், பின்னால் நானே கெடுத்துக் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஹைப்ரிட் என்றதும் இப்போது எல்லோரும் பேட்டரி காரை நினைக்கிறார்கள். நான் சொல்வது அது இல்லை. ஒரு எஞ்சினின் பிளாக்கையும் (சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பாதி) இன்னொரு எஞ்சினின் ஹெட்டையும் (வால்வுகள் இருக்கும் மேல்பாதி) சேர்த்து, தொழிற்சாலை விற்காத ஓர் எஞ்சினைக் கட்டுவது. எங்கள் ஊரில் அதிகம் கட்டுவது 7ஏ-எஃப்இ பிளாக்கின் மேல் 4ஏ-ஜிஇ ஹெட். இரண்டுமே டொயோட்டா எஞ்சின்கள்.

ஏன் இந்த இரண்டும்?

4ஏ-ஜிஇ எஞ்சினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 77 மி.மீ. மொத்தம் 1587 சிசி. 7ஏ-எஃப்இ எஞ்சினுக்கும் போர் அதே 81தான், ஆனால் ஸ்ட்ரோக் 85.5 மி.மீ. அதனால் 1762 சிசி. போர் ஒன்றாக இருப்பதாலும் ஹெட் போல்ட்டுகளின் இடம் பொருந்துவதாலும் ஒன்றின் ஹெட் மற்றதன் மேல் உட்காருகிறது.

7ஏ-எஃப்இ குடும்பக் காருக்குச் செய்த எஞ்சின். கீழே நன்றாக இழுக்கும், மேலே மூச்சு வாங்கும். அதன் ஹெட்டில் வால்வுகள் குறுகிய கோணத்தில் நிற்கின்றன, போர்ட்டுகளும் (காற்று போய்வரும் வழிகள்) சிறியவை. 4ஏ-ஜிஇ ஹெட் இதற்கு நேர் எதிர். வால்வுகள் அகன்று நிற்கும், காற்று தாராளமாகப் போகும். ஆனால் கீழ்ச் சுற்றில் அந்த எஞ்சினுக்கு இழுவை போதாது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். கொள்ளளவு மட்டுமே 11 சதவீதம் கூடுகிறது. மேட்டில் மூன்றாம் கியரில் ஏறும்போது அது காலுக்குத் தெரியும்.

20 வால்வு ஹெட்டையும் இப்படி ஏற்றலாம். ஆர்எக்ஸ்ஐ, ஆர்எஸ்ஐ 20வி கொரோல்லாக்களில் வந்த பிளாக்டாப் ஹெட் அருமையானது. ஆனால் முதல் எஞ்சினுக்கு 16 வால்வே போதும். இங்கே அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாகம் வாங்கும்போது

பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்பிலேயே 7ஏ என்று இருக்கும். விற்பவர் சொல்வதை நம்பாமல், துணியால் எண்ணெயைத் துடைத்து அந்த எழுத்தைப் பாருங்கள். ஹெட் இரண்டு வகை. பழையது பிக்போர்ட், அதன் இன்டேக்கில் டிவிஸ் என்ற இரட்டை வழி ஏற்பாடு இருக்கும். பின்னால் வந்தது ஸ்மால்போர்ட். தெருவில் தினமும் ஓட்டும் காருக்கு ஸ்மால்போர்ட்டைத்தான் நான் எடுப்பேன். போர்ட் சிறியது என்பதால் காற்றின் வேகம் குறையாது, நிமிடத்துக்கு 3000 சுற்றிலேயே எஞ்சின் விழித்துக்கொள்ளும். போர்ட் பெரிதாக இருந்தால்தான் பவர் என்று பையன்கள் நம்புகிறார்கள். 7ஏ கீழே தரும் இழுவையை அப்படியே கொட்டிவிடுவதில்தான் அது போய் முடியும்.

ஹெட்டை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் நேரான எஃகுப் பட்டையை அதன் அடிமுகத்தில் குறுக்கும் நெடுக்கும் வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். 0.05 மி.மீ. இதழ் தாராளமாக நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, மெஷின் ஷாப்பில் முகத்தைச் சீவ வேண்டும். எவ்வளவு சீவினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த கணக்குக்கு அது தேவைப்படும்.

ரசீது வாங்காமல் பிளாக் வாங்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கம்ப்ரெஷன் கணக்கு: அவசரப்படக் கூடாத இடம்

முழு வேலையிலும் அதிகம் நேரம் செலவிட வேண்டியது இதில்தான். இங்கே தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் தாக்குப்பிடிக்காது.

7ஏ-வின் ஒரு சிலிண்டர் இழுக்கும் அளவு 440.6 சிசி. 4ஏ-வில் அது 396.8 சிசி. கம்ப்ரெஷன் என்பது பிஸ்டன் அடியில் நிற்கும்போது மேலே உள்ள இடம், உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது. ஸ்மால்போர்ட் 4ஏ-ஜிஇ எஞ்சினின் கம்ப்ரெஷன் 10.3. அப்படியென்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 396.8-ஐ 9.3-ஆல் வகுத்தால் வரும் 42.7 சிசி. இப்போது அதே ஹெட், அதே பிஸ்டன், அதே உயரம் என்று வைத்துக்கொண்டு 7ஏ-வின் ஸ்ட்ரோக்கைப் போடுங்கள். 440.6-ஐ 42.7-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 11.3. ஒரு பாகத்தையும் சீவாமலே கம்ப்ரெஷன் ஒரு புள்ளி ஏறிவிட்டது!

பிக்போர்ட்டின் 9.4-ஐ வைத்து இதையே போட்டால் 10.3 வரும். ஆகவே, எந்தப் பிஸ்டனை எந்த ஹெட்டோடு போடுகிறோம் என்பதுதான் எஞ்சினின் தலையெழுத்து.

காகிதக் கணக்கு வழி காட்டும், அவ்வளவுதான். உங்கள் மேசையில் இருக்கும் ஹெட்டை அளந்தே ஆக வேண்டும். மாமா எனக்குக் காட்டிய முறை இது. ஹெட்டைக் கவிழ்த்து, மட்டப்பலகை வைத்துச் சமமாக நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக்கும் வால்வுகளும் அவற்றின் இடத்தில் இருக்கட்டும். ஹெட்டில் குழிந்திருக்கும் எரியறையின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கிரீஸ் தடவி, நடுவில் சிறு துளையிட்ட கண்ணாடி பிளாஸ்டிக் தகடு ஒன்றை அதன் மேல் அழுத்துங்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த ப்யூரெட்டில் சிவப்புச் சாயம் கலந்த பாரஃபினை (மண்ணெண்ணெய்) நிரப்பி, துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தகட்டுக்குக் கீழே ஒரு காற்றுக்குமிழ் நகர்ந்து நகர்ந்து கடைசியில் துளைக்கு வந்து மறையும். அந்த நொடியில் ப்யூரெட்டைப் படியுங்கள். நான்கு அறைகளுக்கும் இப்படியே. வால்வு கசிந்தால் போர்ட்டில் சிவப்பாக இறங்கும், வால்வு சரியாக உட்காரவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பிஸ்டன் தலையில் உள்ள பள்ளத்தையும் அப்படியே அளந்து கூட்டுங்கள், மேடாக இருந்தால் கழியுங்கள். அப்புறம் கேஸ்கெட். இறுகிய பின் 1.2 மி.மீ. தடிமன், 82 மி.மீ. துளை என்றால் அது 6.3 சிசி. பிஸ்டன் உச்சிக்கும் பிளாக் முகத்துக்கும் உள்ள இடைவெளியில் ஒவ்வொரு 0.1 மி.மீ.க்கும் அரை சிசி.

11.3-ஐ 11-ஆக இறக்க எவ்வளவு இடம் வேண்டும் தெரியுமா? 1.4 சிசி-கூட இல்லை, கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல். இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறேன் என்பவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

கம்ப்ரெஷனை இறக்கத் தடித்த கேஸ்கெட்டைப் போடுவது பலர் செய்யும் தவறு. பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளிதான் கலவையை நடுவே தள்ளிக் கலக்குகிறது. அதை அகலப்படுத்தினால் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும். அந்த இடைவெளி 1 மி.மீ. அருகில் இருக்கட்டும், 0.9-க்குக் கீழே போக வேண்டாம். இடம் வேண்டுமென்றால் பிஸ்டன் தலையில் எடுங்கள்.

எவ்வளவு கம்ப்ரெஷன் வைக்கலாம் என்பதற்கு எங்கள் நாட்டில் ஒரு தனிக் காரணமும் உண்டு. ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் டர்பனைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. அதனால் அங்கே 11.3 கம்ப்ரெஷனும் 93 ஆக்டேன் பெட்ரோலும் சமாளித்துவிடும். அதே காரை என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் இறக்கி டர்பனுக்குக் கொண்டு வாருங்கள். காற்று கனக்கும், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், பிஸ்டன் தலையில் சரளைக்கல் கொட்டுவதுபோல் சத்தம் கேட்கும். கடற்கரையில் ஓடும் காருக்கு 95 பெட்ரோலில் 10.5 முதல் 11 வரை நான் வைப்பேன். மேட்டுநிலத்தில் டியூன் செய்த எஞ்சினை வாங்கினால், இங்கே மறுபடி டியூன் செய்யும்வரை முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள்.

பிஸ்டனும் ராடும்

7ஏ-எஃப்இ பிஸ்டனை அப்படியே விட்டுவிட்டு ஹெட்டை மட்டும் மாற்றுகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். வேண்டாம். அதன் தலையில் உள்ள வால்வுப் பள்ளங்கள் 4ஏ-ஜிஇ வால்வுகளின் கோணத்துக்கு வெட்டியவை அல்ல. ஜிஇ பிஸ்டன்களைப் போடுங்கள். பழைய பிக்போர்ட் பிஸ்டனின் பின் (பிஸ்டனை ராடோடு கோக்கும் ஊசி) 18 மி.மீ., பின்னால் வந்தவற்றில் 20 மி.மீ. 7ஏ ராடுக்கு (பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கம்பி) பொருந்துவது 20. வாங்கும் முன் வெர்னியரை வைத்துப் பாருங்கள். பின் ராடில் அழுத்தி ஏற்றும் வகையா, மிதக்கும் வகையா என்பதையும் மெஷின் ஷாப்பில் காட்டிப் பேசிக்கொள்ளுங்கள்.

இனி ராட். இதை எழுதும்போது எனக்கு இன்னும் வயிறு பிசைகிறது.

என் முதல் எஞ்சினில் பழைய 7ஏ ராடுகளையே வைத்தேன். காசு இல்லை, ஐந்து மாதச் சேமிப்பு பிஸ்டனோடு தீர்ந்துவிட்டது. எஞ்சின் அழகாக ஓடியது. 4ஏ-ஜிஇ 8000 சுற்றுப் போகுமே, இதுவும் போகும் என்று நினைத்து, அதற்கு மேல் சுற்றவிடாத லிமிட்டரை அங்கே வைத்தேன். ஆறாவது வாரம் மூன்றாம் சிலிண்டர் ராட் முறிந்து, பிளாக்கின் பக்கவாட்டில் முட்டை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். மாமா வந்து பார்த்தார், திட்டவில்லை. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

பிஸ்டனின் சராசரி வேகம் என்பது ஸ்ட்ரோக்கின் இரு மடங்கை நொடிக்கு எத்தனை சுற்றோ அதனால் பெருக்குவது. 77 மி.மீ. ஸ்ட்ரோக் 8000 சுற்றில் நொடிக்கு 20.5 மீட்டர். 85.5 மி.மீ. ஸ்ட்ரோக் அதே 20.5 மீட்டரை 7200 சுற்றிலேயே தொட்டுவிடுகிறது. நான் 4ஏ-வின் எண்ணை 7ஏ-வுக்கு வைத்திருந்தேன். அதுவும் குடும்பக் காருக்குச் செய்த மெல்லிய ராடில்.

ஆகவே பழைய ராடுதான் போடப் போகிறீர்கள் என்றால் வெடிப்புச் சோதனை செய்து, போல்ட்டுகளைப் புதிதாக்கி, லிமிட்டரை 7000-இல் வையுங்கள். அதற்கு மேல் போக ஆசையென்றால் ஃபோர்ஜ் செய்த ராட் வாங்கும்வரை பொறுங்கள். எந்த ராடானாலும் நான்கையும் எடை போட்டு, கனமானதில் சீவிச் சமன் செய்யுங்கள்.

கீழ்ப்பாதியைப் பூட்டுவது

பிளாக்கைப் பிஸ்டனுக்கு ஏற்றபடி போர் செய்து (சிலிண்டரைக் கடைந்து) ஹோன் போட (உட்சுவரைத் தேய்த்துச் சீராக்க) வேண்டும். பிஸ்டன்களைக் கையில் கொடுத்துவிட்டு வேலை சொல்லுங்கள். பிஸ்டனைப் பார்க்காமல் போர் செய்யும் கடைக்கு நான் போவதில்லை. வந்த பிளாக்கைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவுங்கள்.

ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, வாய் இடைவெளியை அளக்க வேண்டும். சாதாரண ஓட்டத்துக்கு மேல் ரிங்கில் 0.32 மி.மீ. அருகில் வரட்டும். குறைந்தால் அரத்தால் தேய்க்கலாம். கூடினால் அந்த ரிங் ஆகாது.

பேரிங்குக்கு பிளாஸ்டிகேஜ். மெழுகு இழைபோல் இருக்கும் அதை ஜர்னல் (பேரிங் உட்காரும் கிராங்கின் கழுத்து) மேல் வைத்து, மூடியை முழு இறுக்கத்தில் இறுக்கிப் பிறகு கழற்றினால் இழை நசுங்கியிருக்கும். அதன் அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். 0.03 முதல் 0.05 மி.மீ. வரை எனக்குத் திருப்தி. அளக்கும்போது கிராங்க் சுழலக் கூடாது, எண்ணெயும் இருக்கக் கூடாது.

ஆயில் பம்பைப் புதிதாகவே போடுங்கள். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் கேஸ்கெட்டையும் மறக்காதீர்கள். பழையது காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும்.

களிமண் சோதனை, ஹெட், பெல்ட்

ஹெட்டை இறுதியாக இறக்கும் முன் ஒரு ஒத்திகை. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையின் வால்வுப் பள்ளங்களில் அப்பி, மேலே சிறிது எண்ணெய் தடவுங்கள். பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை வைத்து இறுக்கி, வால்வுகளைத் திறக்கும் கேம்களைச் சரியான நேரத்துக்குக் கட்டி, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்கேயாவது தட்டினால் வலுக்கட்டாயம் செய்யாமல் நிறுத்துங்கள். பிறகு ஹெட்டைக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணைப் பிளேடால் வெட்டி அதன் மெலிந்த பகுதியை அளந்து பாருங்கள். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பழைய கேஸ்கெட் நசுங்கியதுதான், அதனால் தடிமன் கிட்டத்தட்ட உண்மையாகவே இருக்கும்.

இறுதிப் பூட்டலுக்கு 4ஏ-ஜிஇ ஹெட் கேஸ்கெட், புது போல்ட்டுகள். புரியில் துளி எண்ணெய். பத்துப் போல்ட்டையும் நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் படிப்படியாக 29 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரே திசையில் வெள்ளைப் புள்ளி வையுங்கள். அதே வரிசையில் 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. புள்ளிகள் எல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்தால் வேலை முடிந்தது.

டைமிங் பெல்ட்டில்தான் முதல்முறை கட்டுபவர்கள் சிக்குவார்கள். 7ஏ பிளாக் 4ஏ-வைவிட ஏறக்குறைய 14 மி.மீ. உயரம். பெல்ட் இரண்டு பக்கமும் ஏறுவதால் 28 மி.மீ. போலக் கூடுதல் நீளம் வேண்டும், 4ஏ-ஜிஇ பெல்ட் எட்டாது. 7ஏ-எஃப்இ பெல்ட்டும் உதவாது. அந்த எஞ்சினில் பெல்ட் ஒரு கேமை மட்டுமே சுற்றும், மற்றதை ஹெட்டுக்குள் இருக்கும் பல்சக்கரம் சுற்றிக்கொள்ளும். ஜிஇ ஹெட்டில் இரண்டு கேமுக்கும் பெல்ட்தான்.

நான் செய்வது இது. பழைய 4ஏ-ஜிஇ பெல்ட்டைக் குறுக்கே வெட்டி, எல்லாப் புல்லிகளையும் சுற்றிப் போட்டு, டென்ஷனரை நடு நிலையில் வைத்து, முனைகளுக்கு நடுவே எத்தனை பல் இடைவெளி என்று எண்ணுவேன். மொத்தப் பல் எண்ணிக்கையையும் வெட்டிய பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போவேன். வேறு கம்பெனி காரின் பெல்ட்டாகவும் இருக்கலாம், ஆனால் பல்லின் வடிவம், பல்லுக்குப் பல் தூரம், அகலம் மூன்றும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் அந்தப் பெல்ட்டைத் தொடாதீர்கள். பெல்ட்டைத் தாங்கும் நிலையான உருளை பேரிங்குக்கு பிளாக்கில் புரிவெட்டிய துளை இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். இல்லையென்றால் மெஷின் ஷாப்பில் வெட்டித் தருவார்கள்.

ஹெட் உயர்ந்ததால் புல்லிக் குறிகள் பழைய இடத்தில் சரியாக விழாமல் அரைப் பல் தள்ளி நிற்கலாம். அதற்குத்தான் திருப்பி வைக்கக்கூடிய கேம் புல்லி. டயல் கேஜால் பிஸ்டனின் உண்மையான உச்சியைக் கண்டுபிடித்து, கிராங்கில் டிகிரித் தட்டை மாட்டி, கேம்களை அந்த அளவுப்படி நிறுத்துங்கள்.

முதல் உயிர்

பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளைத் துண்டித்து, ஆயில் பிரஷர் மீட்டர் எழும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். எழவில்லை என்றால் எழாத காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை பிளக் மாட்டக் கூடாது.

4ஏ-ஜிஇ கம்ப்யூட்டர் 1.6 லிட்டருக்கு எழுதப்பட்டது. 11 சதவீதம் கூடுதல் காற்றுக்கு அதனிடம் சரியான எரிபொருள் கணக்கு கிடையாது. தனி ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) போடுவதே சரி. ஸ்பிட்ரானிக்ஸ், டிக்டேட்டர் போன்றவை நம் நாட்டிலேயே கிடைப்பதால் டியூன் செய்யத் தெரிந்தவர்களும் அருகிலேயே இருக்கிறார்கள். புகையிலிருந்து காற்று எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் டியூன் செய்யாதீர்கள். முழு த்ராட்டிலில் காற்று எரிபொருள் விகிதம் 12.5 முதல் 13-க்குள் நிற்கட்டும். இக்னிஷன் நேரத்தைக் குறைவில் தொடங்கி ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். பவர் கூடாமல் டிகிரி மட்டும் கூடினால் பழைய எண்ணுக்குத் திரும்புங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் அரை மணி நேரம் விட்டு ரசிக்க வேண்டாம், ரிங்குக்கு அது கெடுதல். கசிவு இல்லை, சூடு சரி என்று தெரிந்ததும் சாலைக்கு எடுத்துச் சென்று, மிதமாக அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி ஓட்டுங்கள். ரிங் சிலிண்டரில் படிய அழுத்தம் வேண்டும். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம். சாதாரண மினரல் ஆயிலே போதும், முதல் 100 கிலோமீட்டரில் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் தூசு சிறிது இருக்கும். செதில் செதிலாக இருந்தால் எஞ்சினைத் திறக்க வேண்டியதுதான்.

காகித வேலை

எஞ்சின் எண் பிளாக்கில்தான் இருக்கிறது. பிளாக் மாறினால் எண் மாறும். போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி, பதிவு அலுவலகத்தில் புது எண்ணைப் பதிய வேண்டும். அங்கேதான் அந்த ரசீது வேண்டும். காப்பீட்டுக்காரரிடமும் எழுத்தில் சொல்லுங்கள். பிரேக்கையும் கிளட்சையும் எஞ்சினுக்கு முன்னாலேயே சரிசெய்திருக்க வேண்டும். வேகம் பார்க்க ஆசையென்றால் போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸ்ஸி கார் பந்தயத் தடம் இருக்கிறது. குழந்தைகள் கடக்கும் தெருவில் வேண்டாம்.

1000 கிலோமீட்டர் ஆனதும் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்து, தேதியோடு எண்களை எழுதுங்கள். நான் கராஜ் கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதி வைக்கிறேன். அதற்கு மேலே மாமா எழுதிய பழைய எண்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன.